பல்காகோச்சா: ஓர் ஏரியும் ஒரு நகரமும்



பனியாறு உருகி ஏரியாவதை நம் பிள்ளைகள் பாடநூலில் மட்டுமே காண்கின்றனர். அதற்கு ஓர் உண்மை எடுத்துக்காட்டு, தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள பல்காகோச்சா ஏரி. ஆண்டிஸ் மலைத்தொடரில் சுமார் 4,560 மீட்டர் உயரத்தில் அது அமைந்துள்ளது. நம் கினபாலு சிகரமே 4,095 மீட்டர்தான்!

பனியாறு நகரும்பொழுது கல்லையும் மண்ணையும் தள்ளிச் சென்று, தன் முன்னே கரைபோலக் குவித்துவிடும். பின்னர் அது உருகிப் பின்வாங்குகையில், அக்கரைக்கும் பனிக்கும் இடையே நீர் தேங்குகிறது. பல்காகோச்சா பிறந்தது இவ்வாறே. எவரும் கட்டாத அணை அது. இறுக்கமற்ற மண்ணும் கல்லுமே அதன் வலிமை.

1941 டிசம்பர் 13 அதிகாலையில் அக்கரை உடைந்தது. சுமார் 10 மில்லியன் கன மீட்டர் நீர், வழியிலிருந்த மற்றோர் ஏரியையும் அடித்துக்கொண்டு, சேறும் பாறையுமாக வராஸ் நகரில் பாய்ந்தது. நகரின் மூன்றில் ஒரு பகுதி அழிந்தது. குறைந்தது 1,800 பேர் மாண்டனர்.

ஏரிகளைக் கண்காணிக்க 1951-இல் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. 1970-களில் பல்காகோச்சாவில் தடுப்பணைகளும் வடிகாலும் கட்டப்பட்டன. ஆயினும் வெள்ளம் சென்ற பாதையிலேயே மீண்டும் வீடுகள் எழுந்தன. அம்மக்களை அறியாதவர் என்று எளிதாகக் கூறிவிடலாகாது. ஆற்றோரச் சமநிலமும் பிழைப்பும் அங்கேதான் இருந்தன. குடிநீரும் அம்மலையிலிருந்தே வருகிறது.

இதற்கிடையே பனியாறு மேலும் பின்வாங்கியது. உடைப்புக்குப் பின் அரை மில்லியன் கன மீட்டராகச் சுருங்கியிருந்த ஏரி, 2009-இல் 17 மில்லியனைத் தாண்டியது. 1941-இல் இருந்ததைவிட இது மிகுதி. 2011 முதல் குழாய்கள் வழி நீரை வெளியேற்றி வருகின்றனர்.

2015-இல் வராஸ் பகுதி விவசாயி சவுல் லூசியானோ லியூயா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். உலகின் கரிம வெளியேற்றத்தில் அந்நிறுவனத்தின் பங்கு சுமார் 0.47 விழுக்காடு எனவும், பாதுகாப்புச் செலவில் அதே பங்கை அது ஏற்க வேண்டும் எனவும் வாதிட்டார். கேட்ட தொகை ஏறத்தாழ 17,000 யூரோ மட்டுமே. அவர் வீட்டுக்குள்ள ஆபத்து போதிய அளவு இல்லையென்று 2025 மே 28-இல் ஹாம் நகர நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எனினும், பெரும் கரிமம் வெளியேற்றுவோர் இத்தகைய பாதிப்புக்குக் கொள்கையளவில் பொறுப்பேற்க நேரிடலாம் என அது ஒப்புக்கொண்டது. என் பார்வையில், தோற்ற வழக்கின் பெரும்பேறு அதுவே.