திருநீற்றுப்பச்சிலை

திருநீற்றுப்பச்சிலை (ஓசிமம் பேசிலிக்கம்), துளசியின் பேரினத்தைச் சேர்ந்த நறுமணச் செடி. உருத்திரச்சடை என்றும் சொல்வர். சமையல் எழுத்தில் இன்று ‘பேசில்’ என்றே வழங்குகிறது. வீட்டு முற்றத்துத் துளசி இதே பேரினத்தின் வேறோர் இனம். தாயகம் இந்தியாவை உள்ளிட்ட வெப்பமண்டல ஆசியா என்பது பலர் கொள்ளும் கருத்து. ஆப்பிரிக்கா என்பாரும் உளர். மனிதர் கைபட்டு நெடுங்காலம் பரவிய செடி என்பதால், தானே முளைத்தது எங்கே, நட்டது எங்கே என்று பிரித்தறிவது கடினம்.

பழைய சான்றுகளில் பெரும்பகுதி கிரேக்க, ரோமானிய நூல்களிலிருந்து கிடைப்பவை. அவற்றின் ‘ஓசிமம்’ எல்லா இடங்களிலும் இச்செடியையே குறிக்கிறதா என்ற ஐயம் உண்டு. அவற்றை எழுதியவர்களில் மருத்துவர்களும் இயற்கை நூலாரும் மிகுதி, சமையற்காரர் அரிது. ஆகவே ருசியைவிட அச்சமே ஏட்டில் ஏறியிருக்கிறது. வயிற்றுக்கு ஆகாது, கண்ணை மங்கவைக்கும், பித்துப் பிடிக்கும், ஆடுகூடத் தொடாது என்று கிரேக்கரான கிரிசிப்பஸ் குற்றம் சுமத்தியதாக முதல் நூற்றாண்டில் ரோமானிய இயற்கை நூலார் பிளினி எழுதுகிறார். ஆடு தின்கிறது, யாருக்கும் பித்துப் பிடிக்கவில்லை என்று பின்வந்தோர் மறுத்ததையும் அவரே பதிவுசெய்கிறார். நன்றாக வளர வேண்டுமானால் வைதுகொண்டே விதைக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் அவர் நூலில் உண்டு. என்ன வசை என்பதை அவர் சொல்லாதது நமக்கு இழப்பே.

இச்செடியைத் தேளோடு இணைத்த நம்பிக்கைகளின் கதை இன்னும் நீளமானது. இலையைத் தின்ற நாளில் தேள் கொட்டினால் பிழைக்க முடியாது என்பது ஆப்பிரிக்கர் நம்பிக்கை என்கிறார் பிளினி. லிபியர் இதைத் தின்பதே தேள்கடி வலிக்காது என்பதற்காக என்கிறார் அவர் காலத்தவரான கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ். நசுக்கிய இலையைக் கல்லுக்கடியில் வைத்தால் தேள் பிறக்கும் என்ற கதை பல நூற்றாண்டுகள் கைமாறியது. அடிக்கடி முகர்ந்த ஒருவரின் மூளையில் தேள் வளர்ந்ததாக 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் பெயரால் செய்தி உலவியது. 1652-இல் மூலிகை நூல் வெளியிட்ட இங்கிலாந்தின் கல்பெப்பர், நூலாசிரியர்கள் இச்செடியை முன்னிட்டு ஒருவரோடொருவர் சண்டையிடுவதைக் கேலியாகச் சொன்னார்.

இலக்கியத்தில் இச்செடிக்குத் தொட்டியில்தான் இடம். 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ எழுதிய ‘டெக்கமெரோன்’ கதையொன்றில், மெசினா நகரத்து லிசபெத்தா கொலையுண்ட காதலனின் தலையைத் தொட்டியில் புதைத்து, மேலே இச்செடியை நட்டுக் கண்ணீரால் வளர்க்கிறாள். 1820-இல் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் இதைக் கவிதையாக வெளியிட்டார்.

கிரேக்க மரபுவழித் திருச்சபையில் புனிதநீர் தெளிக்க இச்செடியின் கொத்தையே பயன்படுத்துகின்றனர். லிஸ்பனில் ஜூன் மாதப் புனித அந்தோனியார் விழாவில், காகிதப் பூவும் சிறு செய்யுளும் செருகிய தொட்டிச் செடியைப் பரிசளிப்பர். மூக்கை நேரே கொண்டுபோகாமல், உள்ளங்கையால் தடவிக் கையை முகர்வதே அங்கு முறை.

சமையல் சான்றுகள் பிந்தியவை. இலை, பூண்டு, பைன் கொட்டை, பாலாடைக்கட்டி ஆகியவற்றை இடித்துச் செய்யும் ஜெனோவாவின் ‘பெஸ்டோ’வுக்குப் பழைய அச்சுக் குறிப்பாகப் பொதுவாகக் காட்டப்படுவது ராட்டோவின் சமையல் நூல், ஆண்டு 1863 என்பர். அதில் டச்சுப் பாலாடைக்கட்டியும் இடம்பெறுவது, ‘அசல்’ செய்முறை பற்றி இன்று வாதிடுவோருக்குச் சங்கடமான செய்தி. ஜெனோவா வகைச் செடிக்கு 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தோற்றப் பெயர்க் காப்பு கிடைத்தது. இளஞ்செடியை வேரோடு பிடுங்கிக் கொத்தாக விற்பது அங்கு வழக்கம்.

ஈரானில் பச்சை இலை உணவுத் தட்டோடு வரும்; தாய்லாந்தில் சோம்பு மணமுள்ள வகையைக் குழம்பில் இடுவர். தமிழ்நாட்டுச் சமையலில் இலைக்கு இடம் குறைவு. நீரில் ஊறி வழுவழுப்பாக உப்பும் இதன் விதையான சப்ஜாதான் சர்பத்திலும் பலூடாவிலும் சேர்கிறது. இலங்கையில் இதைக் கசகசா என்றே கேட்டு வாங்குவர்.

குளிர் தாங்காத செடி. குளிர்ப்பெட்டியில் இலை கறுத்துவிடும். பூங்கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் இலை தொடர்ந்து தழைக்கும். 1930-களில் உகாண்டாவில் குறிக்கப்பட்ட, இச்செடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் 2001-இல் சுவிட்சர்லாந்திலும் 2007-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் காணப்பட்டது. இது விதை வழியாகவும் பரவுகிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் எதிர்ப்புத் திறனுள்ள வகைகளை வெளியிட்டுள்ளன.