தலையில்லாத வெனட்

கண்டியில் ஸ்கூல் வான்ல போய்ப் படிச்ச யாருக்கும் நிசான் வெனட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெட்டி மாதிரி உடம்பு, தட்டையான மூக்கு, இழுத்துச் சாத்துற கதவு. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கும். அதனால கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ பேராதனைப் பக்கமோ ஏத்தம் ஏறும்போது முன்னால உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே சூடு தெரியும். எண்பதுகளில் உலகம் முழுக்க விற்பனையான ஒரு ரோபோ பொம்மை இந்த வானாகத்தான் மாறும் என்று சொன்னா பலர் நம்ப மாட்டாங்க.

ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 2007-இல் வந்த ஹொலிவூட் படம். அதில் அயர்ன்ஹைட் ஒரு பெரிய கறுப்பு பிக்கப், ரட்செட் ஒரு ஹம்மர். ஆனா 1984-இல் வந்த முதல் பொம்மைகளில் ரெண்டு பேருமே நிசான் வெனட்தான். அயர்ன்ஹைட் சிவப்பு வான். ரட்செட் வெள்ளை அம்புலன்ஸ். அதே வருசம் வந்த கார்ட்டூனிலும் அவங்க வானாகத்தான் ஓடுறாங்க. எழுந்து நின்றால் நெஞ்சில் வானின் கண்ணாடி, மேலே கண், மூக்கு, வாய் எல்லாம் உள்ள ஒரு முகம்.

பொம்மையை வாங்கி மாற்றிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அதிர்ச்சி. ரோபோவுக்குத் தலையே இல்லை. கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வானின் முன்கண்ணாடி. அதுக்குப் பின்னால ஒரு சீட். அந்த சீட்டில் ஒட்ட ஒரு முகத்தின் படம் போட்ட ஸ்டிக்கர். அவ்வளவுதான். வானின் பின்பாதி தனியாகக் கழன்று பீரங்கி வண்டி மாதிரி ஒன்றாகிவிடும்.

இன்றைக்கு இந்தப் பழைய பொம்மைகளைத் தேடி வாங்கிக் கார்ட்டூனில் இருந்த மாதிரியே மாற்றி எடுக்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கு. அவங்க அதிகம் கைவைக்கிற பொம்மைகளில் இந்த ரெண்டு வெனட்டும் அடக்கம். வேலை என்னவென்று பார்த்தா நம்ம ஊர் ஆளுக்கும் பழக்கமானதுதான். ரெண்டு பகுதியைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லு மாதிரி இறுகும் எபொக்சி புட்டி, ஒழுகுற பைப்பை அடைக்க ஹார்ட்வெயார் கடையில் வாங்குகிற சாமான், அதில் தலையைச் செதுக்கலாம். வசதி இருக்கிறவங்க முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்வாங்க. பிறகு மெல்லிய உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு தேய்க்கணும். பிரைமர் அடிக்கணும். அதுக்கு மேல அக்ரிலிக் பெயின்ட். ரட்செட் மாதிரி வெள்ளைப் பொம்மை என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. வெயிலும் வருசமும் சேர்ந்து வெள்ளை பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கிவிடும். ஐதரசன் பெரொட்சைட்டில் ஊறப்போட்டு வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் குறையும். கண்டி மாதிரி ஈரமான ஊரில் பழைய ஸ்டிக்கர் ஓரம் கிளம்புறதும் ஆணி துரு பிடிக்கிறதும் தனிக் கதை.

இவ்வளவு பாடுபட்டு ஒரு தலையை வைக்கிறாங்க. சரி, அந்தத் தலை ஏன் முதலில் இல்லாமப் போச்சு? செய்தவங்களுடைய கவனக்குறைவா?

இல்லை. பதில் யப்பானில் இருக்கு. டக்காரா என்ற கம்பனி 1980-இல் டயக்ளோன் என்ற பொம்மை வரிசையை ஆரம்பித்தது. அதில் கதாநாயகன் ரோபோ கிடையாது, மனுசன். ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் உயரம், பாதத்தில் காந்தம் வைத்த ஒரு குட்டி டிரைவர். ரோபோ அவர் ஓட்டுகிற இயந்திரம் மட்டும்தான். 1982-இல் நிஜமான கார்களைப் போலவே இருந்து ரோபோவாக மாறுகிற வகை இந்த வரிசையில் சேர்ந்தது. வெனட்டும் அந்தக் குடும்பம்தான். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சீட் டிரைவருக்கு உரியது. வான் எழுந்து நின்றாலும் அவர் அங்கேயே இருப்பார். டிரைவர் இருக்கிற வண்டிக்கு எதுக்குத் தலை?

அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ கம்பனி இந்தப் பொம்மைகளை வாங்கி, டக்காராவின் இன்னொரு வரிசையில் இருந்த சில பொம்மைகளையும் சேர்த்து, 1984-இல் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் என்று விற்றது. டிரைவரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாங்க. இப்போ ரோபோவே உயிருள்ள ஆள். அதுக்குப் பேர் வேணும், குணம் வேணும். மார்வல் கொமிக்ஸில் வேலை செய்த பொப் புடியான்ஸ்கி பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பேரும் குறிப்பும் எழுதினார். யப்பானிய ஓவியர் ஷோஹேய் கொஹாராவும் அவருக்குப் பின் பிலிப்பீன்ஸைச் சேர்ந்த ஃபுளோரோ டெரியும் பொம்மைகளை வைத்துக் கார்ட்டூனுக்கான உருவங்களை வரைந்தாங்க. சிக்கலான கோடுகளைக் குறைத்தாங்க, பேசுறதுக்கு முகம் கொடுத்தாங்க. தலையில்லாத வெனட்டுக்குத் தலை முளைத்தது அந்த மேசையில்தான்.

அந்தக் கார்ட்டூன் அந்த வருசம் வந்ததும் தற்செயல் இல்லை. சிறுவர் நிகழ்ச்சிகளில் எவ்வளவு விளம்பரம் போடலாம் என்று அமெரிக்காவில் இருந்த கட்டுப்பாடுகளை அரசு ஆணைக்குழு 1984-இல் தளர்த்திவிட்டது. பொம்மையை விற்கவே ஒரு தொடர் எடுக்கிற காலம் அது. நாம் இன்றைக்கு "ஒரிஜினல்" என்று நினைக்கிற கார்ட்டூன் உருவம், பொம்மைக்குப் பின்னால், விற்பனைக்காக வந்த உருவம்.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஜெட்ஃபயர். இந்த விமானப் பொம்மை டக்காராவுடையதே இல்லை. மக்ரோஸ் என்ற யப்பானிய அனிமேத் தொடருக்காக டக்காடோகு என்ற கம்பனி செய்தது. அந்தக் கம்பனி நொடித்துப்போக, அதன் சொத்துகள் டக்காராவின் போட்டிக் கம்பனியான பண்டாயிடம் போயின. போட்டிக் கம்பனியின் பொம்மையைத் தன் கார்ட்டூனில் காட்டி விளம்பரம் கொடுக்க யார் விரும்புவாங்க? அதனால கார்ட்டூனில் அவனுடைய உருவத்தையும் மாற்றினாங்க, பேரையும் ஸ்கைஃபயர் என்று மாற்றினாங்க. இப்போ ஒருத்தர் தன் பழைய ஜெட்ஃபயரை வெட்டி ஒட்டி ஸ்கைஃபயர் ஆக்கும்போது, ரெண்டு கம்பனிகளுக்கு இடையில் இருந்த ஒரு வியாபாரச் சிக்கலைத்தான் மினக்கெட்டுச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்.

1986 ஓகஸ்டில் வந்த ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் திரைப்படம் இன்னும் ஒரு படி மேலே போனது. கடைக்குப் புதுப் பொம்மைகள் வரவிருந்ததால் பழைய பாத்திரங்களைக் கொன்றுவிட்டாங்க. அயர்ன்ஹைட்டும் ரட்செட்டும் ஆரம்பக் காட்சிகளிலேயே போயிட்டாங்க. தரையில் கிடக்கிற அயர்ன்ஹைட்டின் தலைக்கு நேரே மெகட்ரோன் பீரங்கியை நீட்டுகிறான். பொம்மையில் இல்லாத தலை அது.

இந்தக் கதையில் நமக்கு என்ன இருக்கு? அதே 1982-இல்தான், பெப்ரவரி 15-ஆம் திகதி, யப்பானின் நன்கொடையில் கட்டிய நிலையத்திலிருந்து ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. மலையகத்திலேயே பீதுருதாலகால உச்சியில் கோபுரம். 1977-க்குப் பிறகு திறந்துவிட்ட பொருளாதாரத்தில் யப்பான் வான்களும் வந்து இறங்கின. வான் நமக்கு நேரே வந்தது. அந்த வானின் பொம்மை மட்டும் அமெரிக்காவைச் சுற்றி, வேற பேரோடு, வேற முகத்தோடு, டிரைவர் இல்லாம வந்தது.

பேர் மாறுறது கண்டிக்காரருக்குப் புதுசா என்ன? இந்த ஊரைச் சிங்களத்தில் மஹநுவர என்பாங்க. மலைநாட்டைக் குறித்த "கந்த உட ரட்ட" என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் தங்கள் வாய்க்கு வந்தபடி சுருக்கியதில்தான் கண்டி பிறந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நாட்டின் பேர் ஊரின் பேராகிவிட்டது. அதுக்காக இனி யாரும் கண்டியைக் கண்டி என்று சொல்லக் கூடாது என்று சொல்ல முடியாது. நாலு நூற்றாண்டுப் பழக்கம் அது, அதுவும் வரலாறுதான். ஆனா அந்தப் பேருக்கு அடியில் இன்னொரு பேர் கிடக்கு என்று தெரிஞ்சு சொல்வது வேற, தெரியாமச் சொல்வது வேற.

பொம்மையிலும் என் நிலைப்பாடு இதுதான். கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவருக்கு அயர்ன்ஹைட்டின் முகம் பொய்யில்லை. ரீவிக்கு முன்னால உட்கார்ந்து சிரிச்சதும் அழுததும் அந்த முகத்தைப் பார்த்துத்தான். டக்காரா டொமி ஆகிவிட்ட டக்காராவே 2015-இல் சேகரிப்பாளர்களுக்காக ஒரு புது அயர்ன்ஹைட்டை வெளியிட்டபோது கார்ட்டூன் முகத்தோடதான் செய்தது. தலை வேணும் என்றால் அப்படி ஒன்றை வாங்கலாம், அல்லது பழையதுக்கே ஒரு தலை செய்யலாம். அதில் தப்பே இல்லை.

எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் விசயம் இருக்கு. பழைய வெனட்டுகள் எண்ணிக்கையில் குறைஞ்சுகொண்டு போகுது, இனி அந்த அச்சில் அதே பொம்மை வருமா என்பதும் சந்தேகம். பல பேர் தலைக்கு இடம் வேணும் என்று சீட்டை அறுத்து எடுத்துவிடுவாங்க, ஸ்டிக்கரைச் சுரண்டிவிடுவாங்க. அப்படிச் செய்தா, இந்த வானுக்கு முதலில் வேற ஒரு கதை இருந்தது என்பதுக்குப் பொம்மையில் மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி போயிடும். அதுக்குப் பதிலா, கண்ணாடிக்கு மேல செருகி எடுக்கக்கூடிய மாதிரித் தலையைச் செய்யுங்க. ஒட்டாதீங்க, ஒரு சின்னக் காந்தமே போதும். பெயின்ட் அடிக்க ஆசையா இருந்தா உடைஞ்ச இன்னொரு பொம்மையின் துண்டுகளில் அடிச்சு மாட்டுங்க. மாற்றுவதுக்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்க.

வீட்டு அலுமாரிக்கு மேலயோ பழைய சாமான் கடையிலயோ ஒரு சிவப்பு வெனட் கிடைச்சா, முதலில் கண்ணாடியைத் துடைச்சு உள்ளே பாருங்க. காலியா ஒரு குட்டி சீட் தெரியும். அது டிரைவருடைய இடம்.