ஸ்போருக்கு விழுந்த ஒற்றை நட்சத்திரங்கள்

2008 செப்டம்பரில் 'ஸ்போர்' என்ற கம்ப்யூட்டர் கேம் வந்தது. 'சிம்சிட்டி', 'தி சிம்ஸ்' கேம்களை உருவாக்கிய வில் ரைட்டின் அடுத்த படைப்பு. ஒரு செல் உயிரியில் தொடங்கி விண்வெளிக்குப் போகும் வரை ஓர் இனத்தை நாமே வளர்க்கலாம். பல வருஷமாகக் காத்திருந்தார்கள். ஆனால் வந்த சில நாட்களிலேயே அமேசானில் 2,000 பேருக்கு மேல் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். ஆட்டம் சுமார்தான் என்று சொன்னவர்களும் உண்டு, அது தனிக்கதை. பெரும்பாலானோரின் கோபம் அதன் டி.ஆர்.எம். பூட்டு மீது.

பூட்டின் பெயர் செக்யூரோம். கேமை ஏற்றியதும் இணையம் வழியாக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். மூன்று கணினிகளுக்கு மட்டுமே அனுமதி. கணினிக்குள் முக்கியமான பாகத்தை மாற்றினால் அதுவே இன்னொரு கணினியாகக் கணக்காகிவிடலாம். கேமை அழித்தாலும் செலவான எண் திரும்பாது. நான்காவது தடவைக்கு வாடிக்கையாளர் சேவையிடம் போய்க் கேட்கணும். இதுவே குறைத்த வடிவம்தான்! முதலில் போட்ட திட்டப்படி 10 நாளுக்கு ஒருமுறை கேம் சர்வரிடம் ஆஜராக வேண்டும். மே மாதமே எதிர்ப்பு கிளம்பியதால் அதைக் கைவிட்டிருந்தார்கள்.

மூன்று கணினிக்கு மேல் போக முயல்பவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை என்றது நிறுவனம். கணக்கு சரியாகவே இருக்கட்டும். பீரோ வாங்குகிறோம். வீடு மாறும்போது கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள் என்றால், வீடே மாறாதவனுக்கும் எரிச்சல் வராதா? காசு குடுத்து வாங்கினதா, வாடகைக்கு எடுத்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு சதவீதத்தில் பதில் சொன்னால் எப்படி?

திருட்டுப் பிரதிக்காரர்களுக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. பூட்டு உடைத்த பிரதி வெளியீட்டு நாளுக்கு முன்பே டோரண்டில் வந்தாச்சு. அந்த ஆண்டு அதிகம் திருடப்பட்ட கேம் ஸ்போர்தான், சுமார் 17 லட்சம் பதிவிறக்கம் என்று டோரண்ட்ஃப்ரீக் தளம் கணக்கிட்டது. மூன்று என்று எண்ணி நிறுத்தப்பட்டவன் காசு குடுத்தவன் மட்டும்தான்.

நடுவில் அமேசானில் அந்த விமர்சனங்கள் காணாமல் போய்த் திரும்ப வந்தன. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். செப்டம்பரிலேயே மூன்று ஐந்தானது. கேமை நீக்கினாலும் செக்யூரோம் கணினியிலேயே தங்கிவிடுகிறது, அதை வாங்குபவரிடம் சொல்லவில்லை என்று கலிஃபோர்னியாவில் வழக்கும் போட்டார்கள். டிசம்பரில் ஸ்டீமில் செக்யூரோம் இல்லாமலே ஸ்போர் விற்பனைக்கு வந்தது. 2009-ல் வந்த 'தி சிம்ஸ் 3'-இல் இணைய அனுமதி கிடையாது. பெட்டியில் இருந்த எண்ணும் வட்டும் போதும்.

நாலு வருஷம் கழித்து, 2013 மார்ச்சில் அதே நிறுவனத்தின் புது 'சிம்சிட்டி' வந்தது. தனியாக விளையாடினாலும் இணைய இணைப்பு வேண்டும். முதல் வாரமே சர்வர்கள் திணறின. வாங்கினவர்கள் வரிசையில் நின்றார்கள். சமாதானமாக வேறொரு கேம் இலவசமாகக் கிடைத்தது. இணையம் இல்லாமல் சிம்சிட்டி ஆட 2014 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.