குடிமராமத்து

குடிமராமத்து (பெயர்ச்சொல்): ஏரி, கால்வாய், மதகு முதலியவற்றை, அவற்றால் பயனடையும் குடிகளே தம் உழைப்பை ஈந்து செப்பனிடும் வழக்கம். ‘குடி’ ஊராரையும் உழவரையும் குறிக்கும் தமிழ்ச்சொல். ‘மராமத்து’ பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபு மூலச்சொல்.

செய்யாற்றங்கரையிலுள்ள மாகறலைப் போன்ற தொண்டைநாட்டு ஊர்களில் ஏரிப்பாசனமே வேளாண்மைக்கு ஆதாரமாதலின், இச்சொல்லின் தாத்பரியம் அங்கு விளக்கமின்றியே விளங்கும். உழைப்பைத் தர மறுத்தவரிடம் அதன் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்க 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இடந்தந்தபோதிலும், எது குடிகளின் கடமை, எது சர்க்காரின் பொறுப்பு என்னும் விவாதம் தீராமலே நீடித்தது. 2017இல் தமிழக அரசு இப்பெயரிலேயே ஏரி சீரமைப்புத் திட்டமொன்றைத் தொடங்கிற்று.

மாகறலுக்கு அணித்தான உத்தரமேரூரிலோ, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியத்தாரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையையும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பதவி பெறலாகாதென்னும் நியமத்தையும் ஐயத்திற்கிடமின்றி விதித்தன.

கட்டற்ற மென்பொருளும் ஒருவகைக் குடிமராமத்தே. உலகெங்குமுள்ளோர் பிரதிபலன் கருதாது நிரலெழுதித் தந்தும், முடிவு செய்பவர் யாரென்பது எழுதப்படாதவிடத்துப் பிணக்கு நேர்வதுண்டு. அதுகருதியே டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தினர் 1998இல் சாசனம் வகுத்தனர். பைதான் என்னும் நிரல்மொழியைப் படைத்த கீடோ வான் ராசம் 2018இல் தீர்ப்புரிமையைத் துறக்கவே, 2019 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவொன்று அதனை நிர்வகித்து வருகிறது.