நாஞ்சில் நாட்டு இல்லங்களிற் பித்தளைத் திருவுருவங்கள்

நவராத்திரி அணுகும் நாட்களில் நம் நாஞ்சில் நாட்டு இல்லங்கள்தோறும் பூசையறை விளக்குகளும் திருவுருவங்களும் கிணற்றடிக்கு வந்துவிடும். புளியும் சாம்பலும் செங்கற்பொடியும் கொண்டு அவற்றைப் பொன்னெனத் துலக்குதல் நம் குலமகளிர்க்குப் பெருமை. அப்பெருமையைக் குறைகூற யாம் புகுந்தோமல்லோம். ஆயினும், பூதப்பாண்டியை அடுத்த சிற்றூரில், எமக்குப் பெரியம்மை முறையாகும் மூதாட்டியார் ஒருவர் இல்லத்தில் கண்ட தவழும் கண்ணன் இக்கட்டுரையை எழுதத் தூண்டினான். வலக்கையில் வெண்ணெய் உருண்டை உளது. மூக்கும் வாயும் மழுங்கிவிட்டன. கண்கள் இருந்த இடமே தெரியவில்லை.

இத்தகைய உருக்கள் தோன்றும் முறையை நம்மவர் அறிதல் வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கூட்டிச் சிற்பி முதலில் மெழுகுரு சமைப்பான். அதன்மேல் வண்டல் மண் பூசி உலர்த்திச் சூடேற்ற, மெழுகு உருகி வெளிப்படும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். மண்ணச்சு உடைக்கப்படுதலின் அவ்வுரு மீளப் பிறவாது. பின்னர்ச் சிற்றுளியாற் செதுக்கப்படுவனவே அணிகலனும் ஆடைமடிப்பும் விழிக்கோடும். மயிரிழையன்ன இக்கோடுகளே செங்கற்பொடிக்கு முதலில் இரையாகின்றன. கண்ணன் கை வெண்ணெய், பாலினுள் மறைந்து கடைந்தாலன்றி வெளிப்படாத பொருளைக் குறிப்பது என்பர். குறிப்பை உணர்த்தும் கையும் முகமும் தேய்ந்தபின் எஞ்சுவது எடையுள்ள உலோகமே.

பித்தளையாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதனைப் புளியில் நெடுநேரம் ஊறவிடின் துத்தநாகம் அரிக்கப்பட்டுச் செம்பின் செந்நிறம் திட்டுத்திட்டாகத் தோன்றும். புளிப்பைக் கழுவாது விடினோ இடுக்குகளிற் பச்சைக் களிம்பு ஏறும். நம் நாட்டிற் கடற்காற்றின் உப்பும் அதற்குத் துணை. ஆன்மாவை ஆணவமலம் செம்பிற் களிம்புபோல அநாதியே பற்றி நிற்கும் என்பர் சைவ சித்தாந்த நூலோர். அக்களிம்பை நீக்க அவர் கூறுவது இரசகுளிகை. நாமோ செங்கற்பொடியை நம்புகின்றோம்! சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டில் இதற்கென இரசாயனக் கூடமே நிறுவப்பட்டது. ஆங்குப் பரமசிவன் என்னும் அறிஞர், களிம்பேறிய பழந்திருமேனிகளைச் சுரண்டாது மின்பகுப்பு முறையால் தூய்மைசெய்தார்.

பொருளறிந்து பேணுதல் நமக்குப் புதிதன்று. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் மூலத் திருமேனி 22 அடி நீளமுடையது. 16,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை யோகத்தால் அமைந்தது என்பர். நீர் பட்டாற் கேடுறுமாதலின் அதற்குத் திருமஞ்சனம் இல்லை. கோயிலார் காட்டும் இக்கருத்தை இல்லத்தார் பித்தளைக்கும் காட்டலாகாதா? மெல்லிய பருத்தித்துணியால் துடைத்தலே போதும். பால், சந்தனம் படிந்தால் நன்னீரிற் கழுவி, இடுக்கிலும் ஈரமின்றி உலர்த்துக. மிகப் பழைய உருக்களின்மேற் படிந்த கருமை அழுக்கன்று. உலோகத்திற்கு அது போர்வை. அதனை விட்டுவிடுக.

மீண்டும் அக்கண்ணனிடம் வருவோம். மருமக்கள்வழியில் ஒன்றாயிருந்த நம் பெருங்குடும்பங்கள், 1926-ஆம் ஆண்டின் (கொல்லம் 1101) நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தின்பின் பாகம் பிரிந்தன. அங்ஙனம் பிரிந்தகாலை உருளியும் குத்துவிளக்கும் தராசில் ஏற, அவற்றோடு எடைபோட்டுக் கிடைத்த பங்கே இக்கண்ணன் என்று மூதாட்டியார் கூறினார். இப்பொழுது பாத்திர வணிகர் ஒருவர் அதனை எடைக்குப் பெற்றுக்கொண்டு புதிய உரு தருவதாகச் சொல்லியிருக்கின்றாராம். கொடுக்க வேண்டா என்றோம். புளியும் வேண்டா என்றோம்.

"அப்பம் நவராத்திரிக்குக் கறுத்த கண்ணனையா வைக்கது, மக்கா?" என்றார்.

கண்ணன் நிறம் கருமைதானே என்றோம். அவர் நகைத்துவிட்டு, புளிக்கரைசலை வாழைமூட்டிற் கொட்டித் துணி தேடி உள்ளே சென்றார்.