பின்ஹேயின் கணக்கு

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ. எஃப். பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். ராஜத்துரோகப் பேச்சுக்கு இருபது ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது. சிவாவுக்குப் பத்து. நம் மேடைகளில் இது ‘கொடுங்கோலன் பின்ஹே’ என்பதோடு முடிஞ்சு போகிறது. ஒரு தனிமனிதனின் குரூரம் என்று சொல்லிவிட்டால் சட்டமும் சர்க்காரும் தப்பித்துக்கொள்ளும்.

கணக்கைக் கொஞ்சம் கவனிக்கணும். பேசியவருக்குப் பத்து, அதே பேச்சுக்குத் துணைநின்றவருக்கு இருபது. அப்படியானால் தண்டிக்கப்பட்டது பேச்சு மட்டும்தானா? சுதேசிக் கப்பல் கம்பெனி, பிப்ரவரி மாதக் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 13 நெல்லை எழுச்சி, அதில் துப்பாக்கிச் சூட்டில் செத்த நாலு பேர் – இவ்வளவும் அந்த இரண்டாவது இருபதுக்குப் பின்னால் நிற்கின்றன. வக்கீலும் வியாபாரியும் மில் கூலியும் ஒரே ஆள் பின்னால் திரண்டதன் அபாயம் பின்ஹேக்குப் புரிந்திருக்கிறது. செக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மில்லை மறந்துவிட்ட நம்மைவிட அவர் நல்ல வாசகர் என்றுதான் சொல்லவேண்டும்.

கலெக்டர் விஞ்ச், சப்-கலெக்டர் ஆஷ், நீதிபதி பின்ஹே மூவரும் ஐ.சி.எஸ். கைது செய்கிற கையும் தீர்ப்பு எழுதுகிற கையும் ஒரே உத்தியோகத்தைச் சேர்ந்தவை. அந்தத் தீர்ப்பு இந்தியா மந்திரி மார்லிக்கே பொறுக்கவில்லை. வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதிக் கடிந்துகொண்டார். நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நாற்பதை ஆறாகக் குறைத்தது. அதே ஜூலையில் பம்பாயில் திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் விதித்த தாவர், 1897-இல் திலகருக்காக ஜாமீன் கேட்டு வாதாடிய வக்கீல்! நாற்பது, ஆறு எல்லாமே சட்டப்படிதான். 124ஏ பிரிவு ஆயுளுக்கும் நாடுகடத்தலாம், அதற்குக் குறைந்த எந்தக் காலத்துக்கும் நாடுகடத்தலாம் என்று வாசலை அகலத் திறந்து வைத்திருந்தது.

1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னது இல்லை. சென்னையில் அரிசிக்கடை, நெய்க்கடை என்று அலைந்தார். பிற்பாடு சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவரும் ஒரு வெள்ளைக்கார நீதிபதிதான் – ஈ. எச். வாலஸ். நன்றியாகத் தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார் வ.உ.சி. இதை நல்ல துரை, கெட்ட துரை கதையாக வாசிப்பது சுலபம். ஆனால் ஒருவர் பறித்ததும் இன்னொருவர் கொடுத்ததும் துரைகளின் விருப்புரிமையில் இருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

124ஏ-யை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ‘ராஜத்துரோகம்’ என்ற சொல் கிடையாது. 152ஆம் பிரிவு இருக்கிறது: ஆயுள், அல்லது ஏழாண்டு வரை சிறை.