அடுப்பும் அணையும்: இலங்கையின் சக்தி மூலங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை நிலவுடைமை கொண்டும் வணிகம் கொண்டும் எழுதுதல் மரபு. அந்நாட்டு மக்கள் எதனை எரித்து வாழ்ந்தனர் என்ற வினாவும் அவற்றுக்கு இணையான முக்கியத்துவம் உடையது. விறகு, நிலக்கரி, நீர், எண்ணெய் என்பவற்றை மனிதன் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிய படிகளாகக் காண்போர் பலர். இலங்கையின் அனுபவம் இக்கருத்தை ஐயுறச் செய்கின்றது. இங்கு புதிய சக்தி மூலம் வந்தபோது பழையது மறையவில்லை. அது வறியோரின் அடுப்படிக்கு ஒதுங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விறகும் விளக்கெண்ணெய்களும் மனித வலுவும் மாட்டு வலுவுமே இந்நாட்டின் சக்தியாக விளங்கின. கோப்பித் தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொணரும் தேவை 1860களில் புகையிரதத்தைத் தோற்றுவித்தது. கொழும்பு, நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறைமுகமாயிற்று. இறக்குமதியான இந்நிலக்கரி ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் எரிபொருளாகவே நின்றது. கிராமத்து அடுப்பை அது தொடவில்லை.

மின்சாரத்தின் வரலாறும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. 1895 இல் கொழும்பில் ஏற்றப்பட்ட மின்னொளி நெடுங்காலம் நகர வசதியாகவே இருந்தது. மலைநாட்டு ஆறுகளினின்று மின்வலுப் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் ஆய்வுரையாக முன்வைத்தார். 1920களில் தொடங்கிய வேலைகள் இடைநிறுத்தப்பட்டன. லக்சபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இலேயே. ஒரு கருத்துச் செயலாவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அதன் பின்னரும், மின் பிறந்த அம்மலைநாட்டின் தோட்ட லயன்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே பல தசாப்தங்கள் எரிந்தது என்பது சிந்திக்கற்பாலது.

1969 இல் சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. 1973 இன் எண்ணெய் விலையேற்றம் இறக்குமதி எரிபொருளில் தங்கியிருப்பதன் ஆபத்தை உணர்த்தியது. மகாவலித் திட்டத்தின் கீழ் 1976 இல் உக்குவெல மின்னிலையமும், 1985 இல் 210 மெகாவாற் வலுக்கொண்ட விக்டோரியாவும் எழுந்தன. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகர் மூழ்கியது. 1990களின் நடுப்பகுதியில் நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே கிடைத்தது. 1996 இல் மழை பொய்த்தபோது நாடு மணிக்கணக்கில் இருளில் கிடந்தது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தின் இருள் வேறு வகைத்து. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரமும் எரிபொருளும் அங்கு அரிதாயின. ஜாம் போத்தலுள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்ட விளக்கில் மாணவர் படித்தனர்; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். மழை குன்றியதால் மட்டுமன்றி, அரசியலாலும் விளக்கு அணையும் என்பதற்கு இது சான்றாகும்.

மழையை மட்டும் நம்பவியலாது என்ற நிலையில் நாடு நிலக்கரியை மீண்டும் நாடியது. 2011 இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2014 அளவில் 900 மெகாவாற் வலுவை எய்தியது. அதன் நிலக்கரியும் கப்பலிலேயே வந்தது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தது. எரிவாயு கிடையாத நகர வீடுகளிலும் விறகடுப்பு மூட்டப்பட்டது. ஒதுக்கப்பட்ட பழைய சக்தியே நெருக்கடியில் நாட்டைத் தாங்கியது. அவ்விறகைத் தேடிச் சுமந்து புகையுண்டோருள் பெரும்பாலோர் பெண்களே. அவர்களது உழைப்பு எந்த மின்கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

2020 இல் திறந்துவைக்கப்பட்ட மன்னார்க் காற்றாலைகள் சோளகக் காற்றை மின்னாக்குகின்றன. காற்றுக்குக் கப்பலும் வேண்டாம், அந்நியச் செலாவணியும் வேண்டாம் என்பது உண்மை. ஆயினும் 2025 இல் மேலும் காற்றாலைகள் அமைவதை எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். லயன்களும் தெல்தெனியவும் எழுப்பிய வினாவையே அவர்களும் எழுப்பினர்: சக்தி பிறக்கும் மண்ணில் வாழ்வோருக்கு அதில் உரிய பங்கும் குரலும் உண்டா? எதனை எரிப்பது என்பதை அறிவியல் கூறக்கூடும். யாருக்காக, யாருடைய இழப்பில் என்பதை மக்களே தீர்மானித்தல் வேண்டும். அது நிகழாதவரை, சக்தி மூலங்கள் மாறும். இருளில் இருப்போர் மாறார்.